விடியற்காலை அளவு

கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தும் வேதநாயகி, 2002இல் எங்கள் ஏரித் தண்ணீரைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்றாள். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, தன் வீடு இருக்கும் நீலசந்திராவிலிருந்து பஸ்ஸில் வந்து, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனை அளப்பாள். எட்டு மாதமாக அளவு நன்றாகவே இருந்தது.

அங்கே மீன் பிடிக்கும் கோவிந்தப்பா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "விடியக்காலையில மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது மேடம். தண்ணி சரியில்ல."

அவள் நோட்டைக் காட்டினாள். "லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் இருக்குண்ணா. அஞ்சு இருந்தாலே மீனுக்குப் போதும்."

அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்ததால் ஆறு மணிக்கே வந்தாள். அளவு இரண்டு. நம்பாமல் மறுபடி அளந்தாள். அப்போதும் இரண்டுதான். ஏரியில் கலக்கும் சாக்கடையால் கொழுத்த பாசி பகல் வெயிலில் ஆக்ஸிஜனை விடும். இரவெல்லாம் அதையே இழுத்துக்கொள்ளும். வகுப்பில் வருஷா வருஷம் அவளே நடத்தும் பாடம்.

கூச்சத்தோடு கோவிந்தப்பாவிடம் போனாள். "நீங்க சொன்னதுதான் சரிண்ணா. நான் வந்த நேரம்தான் தப்பு."

"அப்போ அதையே எழுதுங்க மேடம்," என்றார் அவர்.

அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அவர் பார்த்ததையும் அவர் பெயரோடு சேர்த்து அறிக்கை எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தபின், ஏரியில் சாக்கடையைக் கொட்டிய குழாயை அதிகாரிகள் அடைத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் விடியற்கால அளவு நான்கைத் தொட்டது. ஐந்து ஆகவில்லை என்று அவள் இன்னமும் ஆறு மணிக்கே வருகிறாள்.