அக்கா கடை ஜன்னலில் மாட்டிய வலை

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை. வேறொரு வழக்குக்காக கோர்ட்டில் காத்துக் கிடந்தபோது கண்ணெதிரே நடந்தது. வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'சூரியன் தன் கோபத்தையெல்லாம்...' (வேண்டாம். சூரியன் என்ன பாவம் செய்தது?)

நேராகவே சொல்கிறேன். வெளிச்சத்தை உள்ளே விட்டு வெக்கையை மட்டும் தடுக்கும் ஜன்னல் வலை ஒன்றை, சின்னப் பட்டறை வைத்திருந்த ஒரு நெசவாளர் நெய்தார். காப்புரிமையும் வாங்கினார். ஒரு பெரிய கம்பெனி அதை அப்படியே காப்பியடித்தது. வழக்குப் போட்டார். தோற்றால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

(அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: விண்ணப்பிக்கும் முன்பே ஊர் பார்த்துவிட்ட பொருள் புதியதல்ல, அதற்கு வாங்கிய காப்புரிமை செல்லாது என்பது அங்கே சட்டம். காட்டியவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் சரி.)

3

"விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி எங்கேயாவது மாட்டினீங்களா?" என்று அவருடைய வக்கீல் ஆரம்பத்திலேயே கேட்டிருந்தார். இல்லை என்றார். மனதறிந்து பொய் சொல்லவில்லை. அக்காவின் தையற்கடை அவருக்கு 'எங்கேயாவது' இல்லை, வீடு.

கம்பெனி வக்கீல் அந்த அக்காவைத்தான் கூண்டில் ஏற்றினார். குழைந்து குழைந்து கேட்டார்.

"இதை உங்க தம்பிதான் முதல்ல செஞ்சாராம்மா?"

"பின்னே? விண்ணப்பம் போடறதுக்கு முந்தின கோடையிலயே என் கடை ஜன்னல்ல மாட்டிட்டானே! துணி வெளுக்கக் கூடாதுன்னு. தெருவே வந்து பார்த்துச்சு. எப்படி நெய்யறதுன்னு கேட்டவங்களுக்கெல்லாம் அவனே விளக்கினான்."

கம்பெனி வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

4

எழுதும்போது இந்த இடத்தில் அக்காவைக் காய்ச்சலில் படுக்க வைத்துப் பார்த்தேன். பொய் சொல்ல வைத்துப் பார்த்தேன். தம்பி பெருமையை மறைக்க அவளுக்கு வாய் வரவில்லை. சரி, நீதிபதியாவது மனமிரங்கி... [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

தீர்ப்பு பிறகுதான் வரும். ஆனால் அவருடைய வக்கீல், "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று அவர் காதோடு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

5

வராந்தாவில் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிடா சொன்னேன்? உன்னை விட்டுக்கொடுக்கவே இல்ல, பாத்தியா?"

அதற்குள் என் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் அவர் உண்மையைச் சொன்னார். அதைப் படிக்க எனக்கே மனம் வரவில்லை. மற்ற இரண்டில் சிரித்து மழுப்பினார். ஆனால் தீர்ப்பு வரும் நாளில் ஊரார் அந்த உண்மையை அவளிடம் சொல்லத்தான் போகிறார்கள். மூன்றையும் அடித்துவிட்டேன்.

அவள் கேட்டுவிட்டு நிற்கிறாள். உங்கள் அக்கா என்று நினைத்துக்கொண்டு நீங்களே பதில் சொல்லுங்கள்.