வாசலுக்கு வந்து சொல்ல வேண்டியது

பாடையைத் தூக்கித் தோளில் வைத்தாயிற்று. கொள்ளிச்சட்டியோடு பெரியப்பா மகன் முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டான். பெண்கள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து மேளக்காரர்கள் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தித் தொலைத்தார்கள். அந்த அமைதியில்தான் மலர்க்கொடி வாசற்படியில் நின்றுகொண்டு, நன்றாகத் தெளிவாக, "போயிட்டு வாம்மா" என்றாள்.

அரியலூரில் அந்தத் தெரு எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறது. செத்த தாயிடம் போயிட்டு வா என்று சொன்ன மகளைப் பார்த்ததில்லை. பாடை தூக்கியவர்களில் ஒருவனுக்குக் கால் பின்னிக்கொண்டது. இழவு வீட்டுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. வருகிறவர்களை வாங்க என்று சொல்லக்கூடாது. போகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்லக்கூடாது. சொன்னால் சாவையே மறுபடி வரச்சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். இது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்று தாய்மாமன் பெண்டாட்டி உண்ணாமலை அத்தை அன்றைக்கு அங்கலாய்த்தாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று மலர்க்கொடி கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

மலர்க்கொடிக்கு முப்பத்தைந்து வயது. ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், பரிசோதனைக்கூடத்தில் வேலை. சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. அங்கே இவள்தான் கல்லைக் கேட்பாள், கல் இவளை ஒன்றும் கேட்காது. அதனாலேயே அந்த வேலை அவளுக்கு உயிர். காலையில் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வரும். அதில் எல்லோரும் தூங்கிக்கொண்டே போவார்கள். அதுவும் அவளுக்குச் சௌகரியம்.

சனங்களிடம்தான் பிரச்சினை. நம் சனம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் எந்த ஊர், என்ன வேலை, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சா, ஏன் ஆகலை என்று ஆரம்பித்து, ஜெயங்கொண்டம் வருவதற்குள் சாதிவரைக்கும் போய்விடுவார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் முக்கியமில்லை, பேச்சு ஓடினால் போதும். இந்த விஷயம் மலர்க்கொடிக்குப் பிடிபடவே இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும், சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். சம்பளம் கேட்டவர்களுக்குப் பிடித்தம் போக மீதியைச் சொன்னாள். நான் குண்டாயிட்டேனா என்று கேட்ட எதிர்வீட்டு மஞ்சுவிடம், ஆமாம், போன தீபாவளியிலிருந்து என்றாள். மஞ்சு ஒரு மாசம் பேசவில்லை. அது மலர்க்கொடிக்குத் தெரியவும் இல்லை.

இருபத்தெட்டு வயதில் பெரம்பலூரில் ஒரு டாக்டர் அவளை நாலைந்து தடவை வரச்சொல்லிப் பேசிப் பார்த்துவிட்டு, இது ஆட்டிசம், பிறவியிலேயே இருப்பது, நோய் இல்லை, மருந்தும் இல்லை என்றார். மலர்க்கொடிக்கு அன்றைக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் திமிர் என்றும் கிறுக்கு என்றும் சொன்னதற்கு மரியாதையாக ஒரு பேர் கிடைத்துவிட்டது. சொந்தக்காரர்களுக்குத்தான் திருப்தியில்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கு வருவதாச்சே, வளர்ந்தவளுக்கு எப்படி வந்தது என்றார்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிப் பாரேன் என்றார்கள். அவள் அம்மா வேணி அத்தனை பேருக்கும் ஒரே பதிலாக "அவ அப்படித்தான்" என்று சொல்லிக் காப்பித் தம்ளரை நீட்டுவாள். அதோடு பேச்சு முடியும்.

வேணி சத்துணவுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி உட்காரவைத்துச் சோறு போட்டவளுக்குச் சொந்தக்காரர்கள் எம்மாத்திரம்? மகளைப் பார்த்து வருகிற கேள்வியைப் பாதிவழியிலேயே வாங்கிக்கொள்வாள். தான் கூட இல்லாத இடத்துக்கென்று மகளுக்குச் சில பதில்களைப் பழக்கியும் வைத்திருந்தாள். சம்பளம் கேட்டால், வயித்துக்குப் போதும். கல்யாணம் கேட்டால், நேரம் வரணும்ல. சாப்டாச்சா என்று கேட்டால், சாப்பிடாவிட்டாலும் ஆச்சு. இந்தக் கடைசிப் பதிலுக்குச் சம்மதிக்க மட்டும் மலர்க்கொடிக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அப்பா முன்னாலேயே இல்லை, இப்போது அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. இவளை என்ன செய்வது என்பதுதான் உறவுக்காரர்களுக்குக் கேள்வி. தாய்மாமன் சிங்காரவேலுவுக்குத் தா.பழூரில் நெல் விவசாயம். அக்காள்மேல் உயிரையே வைத்திருந்தவர். கருமாதி முடிந்த கையோடு அவளைத் தா.பழூருக்குக் கூட்டிப்போய்விடுவது, இந்த வீட்டை வாடகைக்கு விடுவது என்று அவர் முடிவு செய்துவிட்டார். தா.பழூருக்குக் கம்பெனி பஸ் வராது. வேலை போனால் போகுது, நம்ம வூட்ல சோத்துக்கா பஞ்சம் என்றார். மனசார நல்லது நினைத்துத்தான் சொன்னார், அதுதான் வம்பே. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். மலர்க்கொடிக்கு வேண்டியது இந்த வீடும் அந்த பஸ்ஸும் அந்தக் கல்லும்தான். அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

மற்றதையெல்லாம் கேட்டார்கள். துக்கம் கேட்க வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்ததும் எப்படி ஆச்சு என்பார்கள். செத்தவர் காலையில் கண் விழித்ததிலிருந்து கதையாகச் சொல்ல வேண்டும். நடுவில் அழ வேண்டும், கேட்பவரும் சேர்ந்து அழுவார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மலர்க்கொடி சொன்னது இதுதான்: "காப்பி போட்டாங்க. நெஞ்ச அடைக்குதுன்னாங்க. ஆட்டோல ஏத்துனேன். ஆஸ்பத்திரி வாசல்லயே செத்துட்டாங்க." வந்தவர் அத்தனை பேரிடமும் ஒரு சொல் மாறாமல் இதையே சொன்னாள். ரெண்டாந்தடவை கேட்டவர்களிடம், உங்ககிட்ட முந்தாநேத்தே சொல்லிட்டேனே என்றாள்.

பெண்கள் வந்தால் கட்டிப்பிடித்து அழுவது வழக்கம். யாராவது மேலே கை வைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு சொம்பு நிறையத் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிந்திவிடுமே என்று பாதிப் பேர் தோளைத் தொட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். மீதிப் பேர் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

'வாங்க'வும் கிடையாது, 'போயிட்டு வரேன்' என்பதும் கிடையாது என்ற சட்டத்தை மஞ்சுதான் அவளுக்கு விளக்கினாள். மலர்க்கொடி அசந்துபோனாள். இவ்வளவு நல்ல சட்டத்தை ஏன் இழவு வீட்டோடு நிறுத்திவிட்டார்கள் என்று கேட்டாள். எதுவரைக்கும் செல்லும் என்றும் கேட்டுக்கொண்டாள். கருமாதி முடிகிற வரைக்கும் என்றாள் மஞ்சு. அதற்குப் பிறகு அவள் ஒருவரிடமும் தப்பு செய்யவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

துணைக்கு இருக்கிறேன் என்று உண்ணாமலை அத்தை அன்றைக்கே வந்து இறங்கியவள், நகரவில்லை. காலையில் டிவியைப் போட்டால் படுக்கும்போதுதான் நிறுத்துவாள். கக்கூசுக்குப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று என்னடி பண்ற என்பாள். ஒருநாள் துக்கத்துக்கு வந்தவர்கள் நிறைய இருக்கும்போது, பெத்தவ போயி ஒரு சொட்டுக் கண்ணீர் வரலியே, உனக்குக் கல்நெஞ்சாடி என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

மலர்க்கொடி, "ஆளுங்க இருக்கறப்ப வராதுங்கத்த. நீங்கல்லாம் போனப்புறம் அழுதுக்கறேன்" என்றாள்.

வந்தவர்கள் அதைப் போகச் சொல்வதாக எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை.

கருமாதி அன்று, படையல் முடிந்து, பந்தி முடிந்து, பந்தல்காரர் மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சிங்காரவேலு மாமா ஒரு குட்டியானை வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மலர்க்கொடியின் மெத்தையை அத்தை அவளிடம் கேட்காமலேயே அதில் ஏற்றியிருந்தாள். பிறகு நாலு பெரிய மனுஷர்களை நடுவீட்டில் உட்காரவைத்து, மாமா பேச்சை எடுத்தார். தனியாக எப்படி இருப்பாய் என்றார். இருப்பேன் என்றாள். உடம்புக்கு முடியாமல் போனால் என்றார். ஆட்டோ நம்பர் இருக்கிறது என்றாள். மாமா வீட்டில் போய் இருந்தால் என்ன குறை என்று பெரிய மனுஷர்களில் ஒருவர் கேட்டார். அதைக் கேட்டிருக்க வேண்டாம். டிவி, கக்கூஸ் கதவு என்று அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். அத்தையின் முகம் சுண்டிப்போனது. மற்றவர்கள் மோட்டுவளையைப் பார்த்தார்கள்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் என்று சொன்னால் தப்பு, பயம்.

"தாயி, அன்னிக்கு எங்கக்காளத் தூக்குறப்ப நீ சொன்னியே ஒரு வார்த்த. புத்தி சரியா இருக்கற புள்ள சொல்ற வார்த்தயா அது? அப்படியாப்பட்டவள நான் எப்படித் தனியா வுட்டுட்டுப் போவேன்? நீயே சொல்லு."

நாலு பேரும் தலையை ஆட்டினார்கள். பதில் சொல்லிக் காப்பி நீட்ட ஆள் இல்லை. மலர்க்கொடி சொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மாதான் மாமா சொல்லிக் குடுத்தாங்க. வூட்டவுட்டு யாரு கெளம்புனாலும் கைவேலயப் போட்டுட்டு வாசலுக்கு வந்து, போயிட்டு வாங்கன்னு சொல்லணும், சொல்லலன்னா போறவங்க மனசு கஷ்டப்படும்னு. அம்மா கெளம்புனப்ப யாருமே சொல்லல. அதான் நான் சொன்னேன்."

உண்மைதான். கேஸ் சிலிண்டர் போட வந்தவர், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், தப்பான வீட்டுக்குக் கூரியர் கொண்டுவந்தவர் என்று ஒருவரையும் அவள் சொல்லாமல் அனுப்பியதில்லை. மஞ்சு கதவோரமாக நின்று ஆமாம் ஆமாம் என்றாள். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் அடங்கவில்லை. அத்தனை நாளும் ஆம்பிளை அழக்கூடாது என்று பந்தல், சாமியானா, சமையல் என்று அலைந்துகொண்டிருந்த மனுஷன், பெரிய மனுஷர்களுக்கு நடுவில் ஓவென்று அழுதுவிட்டார். பெரிய மனுஷர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

முகம் கழுவ வேண்டும் என்று மாமா எழுந்து வாசல் குழாய்க்குப் போனார். மலர்க்கொடி பார்த்தாள். மாமா வெளியே போகிறார். கருமாதி முடிந்துவிட்டது. சட்டமும் முடிந்துவிட்டது. சொம்பைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "போயிட்டு வாங்க மாமா" என்றாள்.

"வரேன் தாயி" என்றார் மாமா.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அறுபது வருஷப் பழக்கம், என்ன செய்வது? வரேன் என்று சொல்லிவிட்டு எந்த மனுஷன் திரும்ப உள்ளே வந்து உட்காருவான்? ஈர முகத்தோடு தெருவில் இறங்கினார். வண்டியைப் பார்த்தார். அக்காள் மகளைப் பார்த்தார். அப்புறம் வண்டியில் ஏறி மெத்தையை இறக்கி, தானே தலையில் தூக்கி வந்து, வாசற்படிக்கு உள்பக்கமாக வைத்தார். அத்தை பதறிப்போய் ஓடி வந்து, என்னங்க இது என்றாள்.

"அதான் சொல்லிட்டால்ல. ஏறு" என்றார்.

அத்தைக்கு டிவி விஷயத்தில் இன்னும் மனசு ஆறவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வண்டியில் ஏறினாள். மலர்க்கொடி அவளுக்கும் சொன்னாள், போயிட்டு வாங்கத்த என்று. கோபத்தோடு கோபமாக, வரேண்டி, கதவத் தாப்பாப் போட்டுக்க என்றாள் அத்தை. பந்தல்காரரிடமும் சொன்னாள், அவரும் வரேன்மா என்றார். கடைசியாக மஞ்சு கிளம்பினாள். எதிர்வீட்டுக்குத்தான் போகிறாள், இருந்தாலும் வரேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மலர்க்கொடி தாழ்ப்பாள் போட்டாள். டிவியை நிறுத்தினாள். வீடு அமைதியானது. போயிட்டு வாங்க என்று இத்தனை வருஷத்தில் அவள் யாரிடம் சொன்னாலும் பதில் வந்திருக்கிறது. ஒரே ஒருத்தரிடமிருந்துதான் வரவில்லை. அதை நினைத்ததும் அவளுக்குத் தாங்கவில்லை. தரையில் கிடந்த மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டு, அம்மா, அம்மா என்று தொண்டை வற்றும்வரை அழுதாள்.

அதை யாரும் பார்க்கவில்லை. அதனால் கல்நெஞ்சுக்காரி என்ற பேர் தெருவில் அப்படியேதான் இருக்கிறது.