ஐம்பது தோப்புக்கரணம்

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மங்கரே என்ற புறநகரில் இருக்கும் சிறுவர் சிகிச்சை நிலையம். வியாழக்கிழமை காலை பத்து மணி. ஆறு வயதுக் கஜந்தினியின் சுண்டுவிரலைத் தெரபிஸ்ட் ஹெலன் மெல்லப் பின்னுக்கு வளைத்தாள். விரல் தடையில்லாமல் வளைந்து போனது. கஜந்தினி அதைக் கவனிக்கவேயில்லை. மற்றக் கையால் மரக்கட்டைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஹெலன் ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினாள். பிள்ளையின் மூட்டுகள் அளவுக்கு மீறித் தளர்ந்தவை. முழங்காலை ஆழமாக மடக்கி எழும்பும் எதையும் செய்ய விடக்கூடாது. கவனமாகப் பார்த்துக்கொண்டால் மற்றப் பிள்ளைகளைப்போல ஓடியாடுவாள். இல்லாவிட்டால் முழங்காற்சில்லு நழுவும், ஒருமுறை நழுவினால் பிறகும் நழுவும். ஆட்டிசமும் இருக்கிறது. நொந்தால் அவளுக்கு அழ வராது, ஒரே சுருதியில் முனகுவாள், அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். இத்தனையையும் தாய்க்குச் சொல்லும்படி தகப்பன் இராசநாயகத்திடம் கேட்டுக்கொண்டாள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்றும் வழக்கம்போலக் கேட்டாள்.

"நோ நீட். ஐ வில் டெல் ஹெர்," என்றார் இராசநாயகம் ஆங்கிலத்தில்.

கூப்பிட்டால் யார் வருவாள் என்று அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைப் பூசைக்குத் தவறாமல் வருகிற ரதிதேவி. இராசநாயகமோ தமிழ்ச் சங்கத்து உபதலைவர். அவருடைய தங்கைக்கு, மாசி என்ற புறநகரில் இருக்கும் ஒரு மாப்பிள்ளை வீட்டோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிற வேலையை ஊருக்கு 'ஏர்போர்ட் ஒபிசர்' என்று சொல்லி வைத்திருந்த மனிதர், மகளைப் பற்றி மட்டும் உண்மை சொல்லிவிடுவாரா?

மனைவி செல்வநாயகிக்குத் தெரிந்த ஆங்கிலம் பஸ் ஏறி இறங்கத்தான் போதும். காருக்கு வந்ததும் கேட்டாள்.

"அரை மணித்தியாலமாக் கதைச்சவா. என்னவாம்?"

பொய்யில் இது ஒரு தொல்லை. உண்மையை எடுத்து ஒளித்தால் அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தாக வேண்டும். இராசநாயகம் வாயில் வந்ததை வைத்தார்.

"ஒண்டுமில்லையாம். காலுக்குப் பெலம் காணாதாம், அதாலதான் மூளையும் மெதுவா வேலை செய்யுதாம். பிள்ளையாருக்கு முன்னால காலமை அம்பது, பின்னேரம் அம்பது தோப்புக்கரணம் போடச் சொல்லு. எல்லாம் சரிவரும்."

"வெள்ளைக்காரிக்குத் தோப்புக்கரணம் தெரியுமோ?"

"அவையளுக்கு எல்லாம் தெரியும். சொன்னதைச் செய்."

செல்வநாயகி செய்தாள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஐம்பது, விளக்கு வைத்தபின் ஐம்பது. அவள் எண்ண எண்ண, பிள்ளை காதைப் பிடித்துக்கொண்டு இருந்து எழும்பினாள். தொடங்கிய எண்ணிக்கையை இடையில் விடக் கஜந்தினிக்கு முடியாது. இருபதைத் தாண்டினால் 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்குவாள். தாய்க்கு உடம்பு சிலிர்த்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாத பிள்ளை பிள்ளையாருக்கு முன்னால் பாடுகிறாளே!

இரண்டு மாதத்தில் முழங்கால்கள் வீங்கின. வீட்டில் பிள்ளை என்ன செய்கிறாள் என்று ஹெலன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். சும்மா விளையாடுகிறாள் என்றார் இராசநாயகம். அன்றைக்காவது தோப்புக்கரணத்தை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுத்தச் சொன்னால் ஏன் என்று மனைவி கேட்பாள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, "பெலம் பிடிக்குதாம், விடாமச் செய்யட்டாம்," என்றார். அவருக்கு மனச்சாட்சி இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று இரண்டு தரம் பிள்ளையின் தலையைத் தடவினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, முப்பத்தெட்டாவதில், வலது முழங்காற்சில்லு பக்கத்துக்கு நழுவியது. கஜந்தினி குப்புற விழுந்தாள். அப்போதும் அழவில்லை. மிச்சம் பன்னிரண்டையும் போட்டு முடிப்பதற்காகத் திரும்பத் திரும்ப எழும்பப் பார்த்தாள். செல்வநாயகி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடிவந்து ஆம்புலன்ஸுக்கு அடித்தார்கள்.

இராசநாயகம் வேலையில் இருந்தார். ஆஸ்பத்திரியில் யாரிடமும் அனுமதி கேட்காமல் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். மவுண்ட் வெல்லிங்டனிலிருந்து ரதிதேவி வந்தாள். டாக்டர் கோப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒன்றும் விடாமல் தமிழில் சொன்னாள்.

"பிள்ளைக்கு ஆட்டிசம் எண்டு ஒரு குறை. பிறவியில வாறது, உங்கட பிழை இல்லையாம். முழங்காலை மடக்கி எழும்ப விடவே கூடாது எண்டு எழுதிக் கிடக்கு. நொந்தா அழாதாம், முனகுமாம். முனகினா உடன நிப்பாட்டச் சொல்லி மூண்டு தரம் சொல்லியிருக்கினம்."

செல்வநாயகி கட்டிலில் கிடந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நோவிலயோ முனகினது? நான் பாட்டெண்டெல்லோ நினைச்சன் அக்கா. சத்தமாப் பாடு ராசாத்தி எண்டு சொல்லிச் சொல்லிப் போடவைச்சனே!"

ரதிதேவி அதை ஒரு சொல்லும் விடாமல் டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இனி அந்த முழங்கால் பழையபடி உறுதியாகாது என்றார். அதையும் ரதிதேவிதான் தாய்க்குச் சொன்னாள்.

அரை மணி கழித்து இராசநாயகம் வேலை உடுப்போடு ஓடிவந்தார். கட்டிலில் கட்டுப்போட்ட காலோடு மகள். அவர் கண் முதலில் போனது ரதிதேவியிடம்.

"அக்கா, இதை வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"நான் இஞ்ச கேட்டதை வெளியில கதைக்கிறேல்லை தம்பி. ஆனா பூசைக்கு வாற எல்லாருக்கும் கண் இருக்கு. பிள்ளையைப் பாத்து ரெண்டு வருசமா ஊருக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியும். தெரியாமல் வைச்சிருந்தது இந்தத் தாய் ஒருத்திக்குத்தான்."

இராசநாயகம் மனைவியின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வநாயகி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"நீங்கள் எனக்குச் சொன்னது காணும். இனி இந்த அக்கா சொல்லட்டும். ஊர் கதைச்சு ஒரு பிள்ளைக்கும் கால் கழரேல்லை. பிள்ளையின்ர குறையைச் சொல்ல வெக்கப்படுற தாய் தகப்பன் இருந்தா, அந்த வெக்கத்துக்கு நோகிறது பிள்ளைதான். நீங்கள் வெக்கப்பட்டீங்கள். கழட்டினது என்ர கை."