மன்னார் கோட்டாவில் படித்த பல் டாக்குத்தர்

எழுபதுகளில் இலங்கை அரசாங்கம் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவந்த தரப்படுத்தலைப் பற்றிப் பேச மைக் ஒன்று கிடைத்தால் ஞானரட்ணத்துக்குச் சோறு தண்ணி வேண்டாம். போன சனிக்கிழமையும் லண்டனில் மிச்சம் என்ற இடத்து மண்டபத்தில், "கூட மார்க் எடுத்த தமிழ்ப் பிள்ளைக்குக் கம்பஸ் கதவைச் சாத்தினார்கள்!" என்று மேசையில் குத்தியதில் விரல் வீங்கிப்போனது. பல் டாக்குத்தருக்கு விரல்தான் சோறு போடுகிறது என்பதுகூட அப்போது நினைவில் இல்லை.

அதே அரசாங்கம் பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனியாக இடம் ஒதுக்கியதே, அந்தப் பகுதி வந்தால் மட்டும் அவருக்குத் தொண்டை கட்டிவிடும். யாழ்ப்பாணத்துப் பிள்ளையான அவர், மன்னாரில் இருந்த பெரியப்பாவின் விலாசத்தைக் காட்டி அங்கே சோதனை எழுதி, மன்னாருக்கென்று ஒதுக்கிய இடத்தில் ஏறி உட்கார்ந்தவர்.

திங்கட்கிழமை தோர்ண்டன் ஹீத்தில் அவருடைய சிகிச்சைக் கதிரையில் கஸ்பர் வந்து சாய்ந்தார். பக்கத்துத் தெருவில் கடை வைத்திருப்பவர். அசல் மன்னார்.

"பேச்செண்டால் அதுதான் டொக்டர் பேச்சு! ஒரு சந்தேகம். மகள் யூனிவர்சிட்டிக்குப் போடுறாள். விண்ணப்பப் போமிலை என்ன இனம் எண்டு கேட்டிருக்கு. உள்ளதைப் போட்டால் வெட்டுவாங்களோ, இடம் தருவாங்களோ? வேறை ஏதும் போட ஏலுமோ?"

"உள்ளதைப் போடச் சொல்லுங்கோ."

சொன்ன வாய் அவருக்கே கூசியது. விறைப்பூசி போட்டார். கஸ்பரின் வாய் நிறையப் பஞ்சை அடைத்தார். மறுமொழி சொல்ல ஏலாத ஒரு மன்னார்க்காரர் இனி எப்போது கிடைப்பார்?

"கஸ்பர், நான் மன்னார் கோட்டாவிலை போனவன். எழுபத்தாறிலை. கள்ள விலாசம்."

கஸ்பரின் கண்கள் விரிந்தன. டாக்குத்தர் பல்லைப் பிடுங்கி எடுத்தார். பஞ்சைத் துப்பிவிட்டுக் கோணல் வாயால் கஸ்பர் கேட்டார்:

"எழுபத்தாறோ? நான் சோதனை எழுதினது எழுபத்தேழிலை. எனக்கு எப்பிடியும் கிடைச்சிராது, நான் மொக்கு."

டாக்குத்தருக்கு அப்பாடா என்றிருந்தது. அரை நிமிஷம்தான்.

"எழுபத்தாறிலை எழுதினது எங்கடை அக்கா. அஞ்சலீனா. மன்னார் கோட்டாவை ஒரேயொரு இடத்தாலை தவறவிட்டவ. இப்ப இஞ்சை லண்டனிலைதான், பிளேஸ்டோவிலை, தையல் பக்டரியிலை."

"அவவுக்கு... நான் என்ன செய்ய, கஸ்பர்?"

"எனக்குச் சொன்ன மாதிரி வாயை அடைச்சுப்போட்டுச் சொல்லாதேங்கோ. அவவின்ரை வீட்டை போங்கோ. அக்கா நல்லாய்ப் பேசுவா. இருந்து கேளுங்கோ."

ஞானரட்ணம் கையுறையைக் கழற்றினார். "விலாசத்தைச் சொல்லுங்கோ," என்றார்.