நான்காம் எண் வாள்

செகி ஊரில் நல்ல விலாங்குமீன் சாப்பிட வேண்டுமென்றால் முரோசேயின் கடைக்குத்தான் போக வேண்டும். அப்போதெல்லாம் போனால் தோராஹிசாவைப் பற்றியும் கேட்டாக வேண்டியிருந்தது. நானூற்றைம்பது வருஷங்களுக்கு முன் இதே ஊரில் உலை வைத்து வாள் அடித்தவர் தோராஹிசா. அவர் பெயர் பொறித்த வாள் ஒன்று முரோசேயிடம் இருந்தது. வாங்கிய புதிதில் சான்றிதழுக்காகத் தோக்கியோவுக்கு அனுப்பினார். பெயரில் சந்தேகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக, தோக்கியோக்காரர்களுக்கு நம் பக்கத்து வாளென்றால் இளக்காரம் என்பதுதான் அவர் கட்சியாக இருந்தது.

நான் அதே தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். நாங்கள் இருவரும் ஊர் வாள் ரசிகர் சங்கத்தில் உறுப்பினர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐந்து வாள்களை மேசைமேல் வைப்பார்கள். செய்தவர் பெயர் கைப்பிடிக்குள் மறையும் தண்டில் இருக்கும் என்பதால் அந்தப் பகுதியைத் துணி சுற்றித் தைத்திருப்பார்கள். வளைவையும் இரும்பையும், கூர்விளிம்பை ஒட்டி ஓடும் வெள்ளைக் கோட்டையும் மட்டும் பார்த்து, இன்னார் செய்தது என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்க்கும்போது பேசக்கூடாது. நடுவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹிபினோ, அதே சீட்டில் சரி அல்லது தப்பு என்று எழுதித் திருப்பித் தருவார். அதிக மதிப்பெண் வாங்கியவருக்கு ஒரு பெட்டி சீமைப் பனிச்சைப்பழம்.

போன இலையுதிர் காலத்தில் முரோசேயின் மனைவி ஃபுசாயே ஹிபினோவின் வீட்டுக்குப் போயிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். கடைக்கு வரும் ஒருவர் விடாமல் முரோசே சொல்லும் அந்தத் தோக்கியோச் சண்டையைக் கேட்டுக் கேட்டு அவருக்கு அலுத்துவிட்டது.

"வாத்தியாரே, அது நெசமோ பொய்யோ, ஏதோ ஒண்ணு முடிவாகட்டும். எனக்கு ரெண்டும் சம்மதம்" என்றாராம்.

முரோசே மீன் வாங்க வெளியூர் போன நாளில் ஹிபினோ வந்து வாளைப் பார்த்தார். கறுப்பு அரக்குப் பூசிய உறைக்குள், வெளியே தெரியாதபடி வாளின் கைப்பிடியை மாட்டிய ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு, அரசாங்கப் பதிவு அட்டையோடு வாளைக் கையோடு எடுத்துப் போனார். ஃபுசாயே கேட்டதற்கு, இதை யார் சொன்னாலும் உங்கள் வீட்டுக்காரர் நம்பமாட்டார், அவரே சொன்னால்தான் உண்டு என்று மட்டும் சொன்னாராம்.

அந்த மாத ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் ஒன்பது பேர். நான்காம் எண் வாளின் முன்னால் நான் குனிந்து வணங்கி, தூக்கிப் பார்த்தேன். பழைய காலத்து அமைப்பு, நம் ஊர் வேலை. பெரிய பெயர் ஒன்று எழுதிப் பார்ப்போமே என்று தோராஹிசா என்று எழுதினேன். தப்பு என்று திரும்பி வந்தது.

எனக்கு அடுத்து முரோசே. வாளைக் கை நீட்டிப் பிடித்தார். விளக்குக்கு நேராகச் சாய்த்தார். கண்ணருகே கொண்டுவந்தார். மெல்ல உதட்டைப் பிதுக்கினார். பிறகு யோசிக்கவே யோசிக்காமல் எழுதிக் கொடுத்தார். சீட்டைப் பார்த்த ஹிபினோ சற்று நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பிறகு சரி என்று எழுதினார்.

முரோசே எழுதியிருந்த பெயர் ஹிரோத்தோகி. தோராஹிசாவுக்கு நூறு வருஷம் பிந்தியவர், பழைய வேலையைப் பார்த்து அதே மாதிரி செய்தவர். அன்று நான்காம் எண்ணைச் சரியாகச் சொன்னவர் முரோசே ஒருவர்தான். பழப்பெட்டியும் அவருக்கே. சங்கத்தில் சேர்ந்து பதினேழு வருஷத்தில் அவர் வாங்கிய முதல் பெட்டி.

தேநீர் வந்தது. என் சீட்டை எட்டிப் பார்த்த முரோசே விழுந்து விழுந்து சிரித்தார்.

"தோராஹிசாவா? உன் கடையிலயே ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கடா தம்பி. கோட்டைப் பாத்தியா? தோராஹிசா கோடுன்னா தண்ணி தானா ஓடுற மாதிரி இருக்கும். இது பள்ளிக்கூடப் புள்ள பாத்து எழுதினது. இதுல எவனாவது தோராஹிசா பேரைப் போட்டு வித்தான்னா அவன் பெரிய களவாணி. வாங்கினவன் அவனுக்கு மேல கபோதி."

"அப்ப துணியைப் பிரிச்சிரலாமா?" என்றார் ஹிபினோ.

தையலைப் பிரித்தார்கள். துருப்பிடித்த தண்டு வெளியே வந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கைப்பிடியை மாட்டும் இரண்டு ஆணித்துளைகள், இரண்டாவது கொஞ்சம் கோணல். அதன் கீழே பெரிதாக, திடமாக, தோராஹிசா என்ற பெயர்.

முதலில் எனக்குத்தான் ஆத்திரம் வந்தது. பெயர் இருக்கிறதே, எனக்கு ஏன் தப்புப் போட்டீர்கள் என்று எழுந்தேவிட்டேன். உட்காருங்கள் என்று ஹிபினோ கையைக் காட்டினார். அப்போதுதான் முரோசேயின் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்தக் கோணல் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர்க் கோப்பை அவர் முழங்காலில் சாய்ந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.



"இது என்னுது" என்றார் முரோசே.

ஆமாம் என்றார் ஹிபினோ. மலையடிவாரக் கோயிலில் ஹிரோத்தோகி காணிக்கையாகக் கொடுத்த வாள் இருப்பதையும், அதன் தண்டில் அரம் ஓடிய சாய்வும் இதுவும் ஒன்றே என்பதையும் விளக்கி, அந்தக் கோயில் வாளின் தண்டை மைத்தாளில் ஒற்றியெடுத்த பிரதியைப் பக்கத்தில் வைத்தார். பெயரை மட்டும் வேறொரு கை பிற்பாடு வெட்டியிருக்கிறது.

முரோசே நிமிர்ந்தார். தன் கண் நல்ல கண் என்றால் வாள் பொய். வாள் நிஜமென்றால் பழப்பெட்டி தோராஹிசா என்று எழுதிய எனக்கு வர வேண்டும். அவர் இவ்வளவு நேரம் பேசியதெல்லாம் உளறல். இரண்டில் எதை விடுவது என்று அவர் நெற்றி சுருங்கி விரிவதை எல்லாரும் பார்த்தோம். எனக்குப் பாவமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததெல்லாம் பெயரைத்தான். வாளை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்திருக்கிறார்.

கடைசியில் பழப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னா சொன்னதுதான். ஹிரோத்தோகி."

அன்று மாலை வீட்டில், வாளை எடுத்துக் கொடுத்தது யார் என்று மனைவியைக் கேட்டாராம். நான்தான் என்றார் ஃபுசாயே.

"என்னங்க, கோவமா?"

"கோவமில்ல. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் களவாணி, கபோதியெல்லாம் பேசாம இருந்திருப்பேன்."

ஃபுசாயே அடுப்படிக்குள் போய்ச் சிரித்து முடித்துவிட்டு வந்தாராம்.

குளிர்காலத்தில் பொய்ப் பெயரை அரம் போட்டு அழிக்க முரோசே சம்மதித்தார். பட்டறைக்குத் தானே கொண்டுபோனார். முதல் இழுப்பில் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று பட்டறைக்காரர் சொன்னார். பெயரில்லாத வாளாக மறுபடி தோக்கியோவுக்கு அனுப்பினார்கள். கோடையில் சான்றிதழ் வந்தது. பெயர் பொறிக்கப்படாதது, ஹிரோத்தோகியின் கைவேலை என்று முத்திரை குத்தியிருந்தது. முரோசே அதைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறார். தோக்கியோக்காரர்கள் கடைசியில் தன் தீர்ப்புக்கு ஒத்துவந்துவிட்டார்கள் என்று வருகிறவர்களுக்குச் சொல்கிறார்.

என்னிடமும் ஒரு குட்டை வாள் இருக்கிறது. பெயர் பொறித்தது, நல்ல பெயர். ஃபுசாயேயும் என் மனைவியும் வியாழக்கிழமைதோறும் ஒன்றாக வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போகிறார்கள். போன வாரம் திரும்பி வந்தவள், அந்த வாளை எடுத்துப் பார்த்து ரொம்ப நாளாகிறதே என்று என்னைக் கேட்டாள். அலமாரிச் சாவி இப்போது என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.