பாசி கலந்த கஞ்சி

1

இது கதையாகப் பிறந்ததல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது மரியாதை. இதை எழுதுகிறவனிடம் ஒரு மருத்துவ மாத இதழ் கட்டுரைதான் கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள்: 'எதிர் ஆக்ஸிகரணிகள் மூளைச் செல்களைக் காப்பது எப்படி?' அவனும் உட்கார்ந்து ஆரம்பித்தான்.

'மூளை நம் எடையில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆனால் நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடுகிறது. தின்ற இடத்தில் சிந்தும் மிச்சங்கள்...'

(வாக்கியம் இங்கேயே நிற்கிறது. மரக்காணம் உப்பளத்து ஆதிமூலம், தோளில் மரப்பலகையோடு, அதன் குறுக்கே நடந்து போய்விட்டார்.)

2

ஏன் மரப்பலகை? உப்பு வார இரும்பை எடுத்துப் போனால் ஒரு பருவம் தாங்காது. துரு தின்றுவிடும், உப்பும் சிவந்துபோகும்.

மூளைச் செல்லிலும் ஏறக்குறைய அதே கதைதான். ஆக்ஸிஜன் சிந்திய மிச்சங்கள் செல்லின் கொழுப்புச் சுவரை அரிக்கின்றன. கீரையிலும் பழத்திலும் பாசியிலும் இருக்கும் சில பொருள்கள், அதாவது தலைப்பில் வந்த எதிர் ஆக்ஸிகரணிகள், முன்னால் போய் நின்று, தங்களை அரிக்கக் கொடுத்துச் செல்லைக் காப்பாற்றுகின்றன. கண்ணாடிக் குடுவைக்குள் இது அழகாக நடக்கிறது. மனிதத் தலைக்குள்ளும் அதே அழகில் நடக்கிறதா என்பதற்கு உறுதியான சாட்சி இல்லை. செத்த செல் திரும்பி வரும் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஆதிமூலத்தின் மகள் மலர்கொடிக்கு இதில் முதல் பாதி மட்டும்தான் தெரியும். ஆரோவில் பக்கம் ஸ்பைருலினா என்கிற சுருள்பாசியில் மாத்திரை செய்யும் கூடத்தில் அவள் பொட்டலம் கட்டுகிறாள். சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் மேற்பார்வை அம்மா சொல்வது அவள் காதிலும் விழும்.

3

2005, கோடை. (சுனாமி அலை வந்துபோன அடுத்த வருஷம். ஆதிமூலத்தின் மறதியை அந்த அலையின் தலையில் கட்டிவிட்டால் கதைக்குக் கனம் கூடுமே என்று எழுதுகிறவனுக்கு ஆசை வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டான்.)

அன்று மலர்கொடிக்கு லீவு. அப்பாவுக்குச் சோறு எடுத்துப் போனால், அளத்தில் கூட்டம். வாருவதற்குத் தயாராக உப்பு பூத்துக் கிடந்த பாத்திகளில் ஆதிமூலம் புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார். பூத்ததெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல் அவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா ஆதிமூலம், உனக்குப் புத்தி கித்தி போயிடுச்சா?" என்று கேட்டார் மேஸ்திரி பலராமன்.

மலர்கொடி சோற்றுத் தூக்கை வரப்பில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். புத்தி போனவனை மடைப் பக்கமே விடமாட்டார்கள். குடித்தவனை என்றால் வாய் வலிக்கத் திட்டிவிட்டு மறுநாள் வரச் சொல்வார்கள். அளத்தில் அதுதான் வழக்கம்.

"குடிச்சிட்டாருங்க மேஸ்திரி," என்றாள். "மன்னிச்சிடுங்க."

பலராமனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நீயும் ஆரம்பிச்சிட்டியா என்று ஆதிமூலத்தின் தோளில் தட்டி வீட்டுக்கு அனுப்பினார். ஆதிமூலம் வாழ்நாளில் சாராயத்தைத் தொட்டவரல்ல. மாரியம்மன் சன்னதியில் பெண்டாட்டிக்குச் செய்துகொடுத்த சத்தியம் அது. அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அதை அவர் மீறியதில்லை. இருந்தும் ஒரு வார்த்தை மறுக்காமல் மகளின் பின்னால் நடந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கூசியது.

4

மறுநாளிலிருந்து கூடத்துப் பாசி மாத்திரையைப் பொடித்து அவர் கஞ்சியில் கலந்தாள். செய்த பாவத்துக்கு அதையாவது செய்யலாம் என்று நினைத்தாள். கஞ்சி பச்சையாகிவிட்டது. ஆயுசு முழுக்கப் பாத்தியிலிருந்து பாசியை வழித்து எறிந்தவர் அவர். பாசி படிந்தால் உப்பு கெட்டது. அவரிடமா பாசியை நீட்டுவது?

"சட்டியில பாசி புடிச்சிருக்குது மலரு," என்று கஞ்சியைக் கொட்டிவிட்டு, மணலும் தேங்காய் நாரும் போட்டுச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தார். அவள் மறுபடி கலந்தாள். அவர் மறுபடி தேய்த்தார். அந்த வீட்டில் அவ்வளவு சுத்தமான சட்டி அதற்கு முன் இருந்ததில்லை.*

* இந்த இடத்தில் வாசகர் சிரித்தால் எழுதுகிறவனுக்கு ஆட்சேபணை இல்லை. மலர்கொடி சிரிக்கவில்லை.

5

முதல் முடிவு: பாசி பலித்தது. ஒரு காலையில் ஆதிமூலம் எல்லா மடைகளையும் சரியாக... (பொய். இதழுக்கு வேண்டுமானால் பிடிக்கும்.)

இரண்டாவது: அவள் பலராமனிடம் உண்மையைச் சொல்ல, அவர் கண் கலங்கி வேறொரு வேலை... (பலராமனை அவ்வளவு நல்லவராக்க எழுதுகிறவனுக்கு மனசு துணியவில்லை.)

அடிக்க முடியாமல் நின்றுபோனது இதுதான். வெள்ளிக்கிழமை. அம்மா படத்துக்கு விளக்கேற்றிவிட்டு மலர்கொடி திருநீற்றுத் தட்டை நீட்டினாள். அவர் தொடவில்லை. போன வெள்ளியும் தொடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அன்னைக்கு நான் குடிச்சனாம்மா?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா நீ பொய் சொல்ல மாட்ட. உங்கம்மா மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

அன்று அவர் ஏன் மறுக்கவில்லை என்று அவளுக்கு இப்போது விளங்கியது. அவள் சொன்னதை அவர் நம்பிவிட்டார்.

ஆமாம் என்றால், சத்தியத்தை உடைத்த பாவியாகவே அவர் மிச்ச நாளைக் கழிப்பார். இல்லை என்றால், அப்போது எனக்கு என்னதான் ஆச்சு என்று கேட்பார். அதற்கு அவள் கையில் இருப்பது ஒரு டப்பா பச்சைப் பொடி. எதை அரிக்கக் கொடுத்து எதைக் காப்பது என்று கட்டுரையில் சுலபமாக எழுதியவன் இங்கே பேனாவை மூடிவிட்டான்.

அவர் கை தட்டுக்கு மேலே நிற்கிறது. பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அவளால் அது முடியவில்லை.