ஜன்னலுக்குக் கீழே நின்றவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. அம்மா துணி மடித்துக்கொண்டே போகிற போக்கில் சொன்னதை லபக்கென்று எடுத்துக்கொண்டேன்.

"உங்கப்பா ஒரு காலத்துல அடுத்தவங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழ நின்னு ஒட்டுக் கேப்பாரு. அதுலதான் எல்லாம் நாசமாப் போச்சு."

சொல்லிவிட்டு அடுத்த சட்டையை உதறினாள். நான் கையிலிருந்த துண்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து தட்ட ஆரம்பித்தேன். (துண்டு இன்னும் அங்கதான் கெடக்கு. திட்டு விழும். விழட்டும்.)

முதல் வரி: டெலிவிஷன் புதிதாக வந்திருந்த நாட்களில், ஒரு மாலைப் பொழுதில், மெல்லிய காற்று வீச

வேண்டாம். காற்றுக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் இல்லை.

இன்னொரு முயற்சி: என் அப்பாவும் என் தாய்மாமாவும் சேர்ந்து ஒரு நகைச்சுவைத் தொடர் எழுதினார்கள். இப்போது வீட்டு விசேஷங்களில் பார்த்தால் "சாப்டீங்களா", "ஆச்சு". அவ்வளவுதான்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

2

தொடர் ரொம்பச் சின்ன விஷயம். மாடியில் வீட்டுக்காரர், கீழே குடித்தனக்காரர், வாரம் ஒரு சண்டை. எல்லாம் நேரடி ஒளிபரப்பு. நடிகர் வசனம் மறந்தால் ஊருக்கே தெரியும்.

டெலிவிஷன் நிலையத்தின் பின்பக்கம் பீஸ் போன விளக்குகளைப் போட்டுவைக்கும் அறைதான் இவர்கள் எழுதும் இடம். ஒரே மேசை, ஒரே தாள். மாமா, வீட்டுக்காரர் பேசுவதை மட்டும் எழுதுவார். அப்பா குடித்தனக்காரர் பேசுவதை மட்டும். ஒருவர் ஒரு வரி எழுதித் தாளைத் தள்ளினால் மற்றவர் பதில் எழுதித் திருப்பித் தள்ளுவார்.

"ஏன் மாப்ளே, உங்காளு ரெண்டு பக்கத்துக்குப் புலம்புறானே, எங்காளு எப்ப வாயத் தொறக்குறது?"

"உங்காளு தொறந்தா மூட மாட்டேங்கிறானே மச்சான். அதான் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தேன்."

(இது அப்பா நடிச்சுக் காட்டுனது. மாமாகிட்ட கேட்டா அந்த ரெண்டாவது வரிய அவர்தான் சொன்னாராம்.)

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பேரும் பார்க்காமல் ஒரு வரிகூட ஒளிபரப்புக்குப் போகக்கூடாது. இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

3

ஒரு கஷ்டம். நிலையத்துக்குள் சிரிப்புச் சத்தமே கேட்காது. கேமராக்காரர் சிரித்தால் படம் ஆடும், ஆகவே அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். பார்வையாளர் கிடையாது. வாரம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டு எழுதிய ஜோக் கிணற்றில் போட்ட கல்லாகப் போய்விடும்.

அதனால் தொடர் ஆரம்பிக்கிற நேரத்தில் அப்பா கிளம்பிவிடுவார். அப்போது தெருவுக்கு ஒன்றிரண்டு வீட்டில்தான் டெலிவிஷன். தெருவே அந்த வீட்டுக்குள் அடைந்து கிடக்கும். அப்பா ஜன்னலுக்குக் கீழே போய்ச் சுவரோடு சுவராக நின்றுகொள்வார்.

முடிந்ததும் ஓட்டமாகத் திரும்பி வருவார். நிலையத்து வாசலில் மாமா இரண்டு டீயோடு காத்திருப்பார்.

"மச்சான், மஞ்சக் கதவு வீட்டுல ஒரு அம்மா இருமி இருமிச் சிரிச்சாங்க!"

"எந்த வரிக்கு? எங்காளுதா, உங்காளுதா?"

"டீயக் குடுங்க, சொல்றேன்."

அந்த வாசலை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அங்கே போய் நிற்க வேண்டும்போல் இருக்கிறது. என் சிநேகிதிகளுக்கு நான் ஜோக் அனுப்பினால் கண்ணில் நீர் வழியச் சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வருகிறது. அதை அனுப்புகிறவள் சிரிக்காத முகத்தோடு உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும்

சரி, கதைக்கு வருகிறேன்.

4

அன்றைக்கு அப்பா கிளம்பிப் போன பிறகு, கடைசிக் காட்சி கொஞ்சம் நீளம் குறைகிறது என்று டைரக்டர் மாமாவிடம் வந்து நின்றார். மாமா நின்றவாக்கில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார். அப்பா பார்க்காத வரி.

வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்க்கிறார்.

"யாருய்யா அது ஜன்னலுக்குக் கீழ? சிரிப்பக்கூட ஓசியில கேக்குற ஆள இப்பத்தான்யா பாக்குறேன். இது என்ன உன் மாமியார் வீடா?"

மஞ்சள் கதவு வீடு வெடித்துச் சிரித்தது. அப்பா அப்படி ஒரு சிரிப்பை அதுவரை கேட்டதே இல்லையாம். உள்ளே ஒருவர், "எதுக்கும் நம்ம ஜன்னலையும் பாத்துருவோம்ப்பா" என்றார். திரை விலகியது.

கீழே அப்பா.

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. (அப்பாவும் கூடச் சேந்து சிரிச்சாராம். வேற என்ன பண்றது?)

அவர் நிலையத்து வாசலுக்குத் திரும்பிப் போகவில்லை. இரண்டு டீயும் ஆடை கட்டிப்போனது. அடுத்த வாரம் சோப்பு விளம்பரம் எழுதும் வேலைக்குப் போய்விட்டார். தொடரைக் கொஞ்ச நாள் மாமா தனியாக இழுத்துப் பார்த்தார். இரண்டு பேர் பேச்சையும் ஒருவரே எழுதியதால் வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே மாதிரி பேச ஆரம்பித்தார்கள். நின்றுபோனது.

அதையெல்லாம் யாரும் பதிவுசெய்து வைக்கவில்லை. இப்போது தேடினால் ஒரு காட்சிகூடக் கிடைக்காது.

5

இந்த இடத்தில் மாமாவை வில்லனாக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதவும் செய்தேன். 'பொறாமை அவர் கண்ணை' என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். அப்பாவிடம் கேட்டேன்.

"அவர் கேலி பண்ணதுக்கா இத்தன வருஷக் கோவம்?"

"கேலியா? போடி. அந்த வரிதான் நாங்க எழுதுனதுலயே டாப்பு. நான் பக்கத்துல இல்லாமயே எழுதிட்டார் பாத்தியா? அப்புறம் நான் எதுக்கு அங்க?"

மாமாவிடம் போனேன். ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்கப்பா எந்த ஜன்னல்ல நிப்பார்னு எனக்குத் தெரியும்மா. அவ்ளோ பெரிய சிரிப்பு நேரா அவர் காதுல விழணும்னுதான் எழுதுனேன். அவங்க எந்திரிச்சு வந்து தெறந்து பாப்பாங்கன்னு நான் கண்டேனா?"

"இத அவர்ட்ட சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"கேட்டாத்தானே சொல்றது."

6

முடிவுகள்.

அ. மாமா மன்னிப்புக் கேட்கிறார். மாமாவிடம் படித்துக் காட்டினேன். "மன்னிப்புக் கேக்குற சீனுக்கு எவன்மா சிரிப்பான்?"

ஆ. இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அப்பாவிடம் காட்டினேன். "கட்டிப்பிடிக்கிறதா? உனக்கே கூச்சமா இல்ல?"

இரண்டு பேரும் என் முடிவைத் தூக்கிக் குப்பையில் போடுவதில் மட்டும் இன்னும் கூட்டாளிகள்தான்.

இ.

7

இந்தப் பகுதி அப்பா, மாமா கையிலிருக்கும் தாள்களில் இல்லை. அங்கே 'இ' என்பதோடு நின்றுவிடும்.

ஃபேன் ஓடவில்லை என்று அம்மா பொய் சொல்லி மாமாவை வரவழைத்தாள். (துண்டுக்காக என்னைத் திட்டுனதுக்கு இதோட சரியாப்போச்சு.) நான் கதையை ஒரே ஒரு பிரதி எடுத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கிறேன், சுவரோடு சுவராக. போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

"தள்ளி உக்காருங்க மச்சான், வெளிச்சத்த மறைக்கிறீங்க."

"உங்களுக்குப் படிக்கிறதே லேட்டு மாப்ளே. அடுத்த தாளத் திருப்புங்க."

தாள் திரும்புகிறது. நான்காம் பகுதியாக இருக்கும். சத்தமே இல்லை. இன்னொரு தாள். இது ஐந்து. ஐயோ, இன்னும் சத்தமே இல்லை. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். சிரிப்பா, அழுகையா, வெறும் சளியா, சுவர் வழியாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் "இங்க என்னம்மா பண்ற?" என்கிறார். உதட்டில் விரல் வைக்கிறேன். நீங்களும் கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லுங்கள்.

நாற்காலி நகர்கிறது. காலடி ஜன்னல் பக்கம் வருகிறது. ஒருவருடையதா இரண்டு பேருடையதா? திரை அசைகிறது.

"யாருய்யா அது ஜன்னலுக்குக் கீழ?"

யார் குரல் என்று நான் சொல்லப்போவதில்லை. மாமா சொல்லியிருந்தால் அது பழைய ஜோக். ஆனால் மாமா எழுதிய வீட்டுக்காரரின் அந்த வரியை, இத்தனை வருஷம் கழித்து அப்பா சொல்லியிருந்தால்